ஒரே ரயில், ஒரே நெருக்கடி: முதலில் இறக்கிவிடப்பட்டது யார்?



காலையில் பட்டாபிராம் ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சென்ட்ரல் போற மின்சார ரயில் வரும். ஒரே பெட்டியில் நாலு பேர் ஏறுவாங்க.

ஒருத்தர் ஆவடியில் இறங்குவார். டேங்க் ஃபேக்டரியில் பர்மனென்ட். தையல் மெஷின் ஓட்டும் அக்கா ஒருத்தர் அம்பத்தூரில் இறங்குவார், எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு. இன்னொருத்தர் பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடப்பார். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கான்ட்ராக்டர் பெயர் போட்ட அடையாள அட்டை. நாலாவது ஆள் தோளில் லேப்டாப் பையோடு மேலே போவார்.

நாலு பேரும் ஒரே ஏரியா. ஒரே தண்ணி லாரிக்குக் காத்திருக்கிறவங்க. ஒரே ரேஷன் கடையாகக்கூட இருக்கலாம். ஆனா உலகத்தில் எங்கோ ஒரு பேங்க் கவிழ்ந்தால், இந்த நாலு பேருக்கும் ஒரே மாதிரி அடி விழாது.

இதைத்தான் இந்தப் பதிவில் பேசப் போறோம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க. ஏன்னா "பொருளாதார நெருக்கடி வந்தா எல்லாருக்கும்தான் கஷ்டம், என்ன செய்யறது" என்று டிவியில் உட்கார்ந்து சொல்றவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

■ நியூயார்க்கில் விழுந்த இடி

2008 செப்டம்பர் 15. அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் என்ற 158 வருஷத்து முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. கடன் மட்டும் 60,000 கோடி டாலருக்கு மேல்.

காரணம் என்ன? திருப்பிக் கட்ட வசதி இல்லாதவங்களுக்கு வீட்டுக் கடனை அள்ளிக் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களை மூட்டை கட்டி, அதற்கு "உயர்தரம்" என்று முத்திரை குத்தி, உலகம் பூரா விற்றார்கள். வீட்டு விலை இறங்கியதும் மூட்டை அவிழ்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அடுத்த நாளே ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அக்டோபர் 3-ஆம் தேதி 70,000 கோடி டாலருக்கு மீட்புச் சட்டம் போட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் காப்பாற்றப்பட்ட அதே ஏஐஜி, 2009 மார்ச்சில் தன் அதிகாரிகளுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. அதே 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது.

உலகம் முழுக்க வேலையில்லாதவர் எண்ணிக்கை 2009-இல் 21 கோடியைத் தாண்டியது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்கு சொன்னது. 2007-ஐ விட சுமார் 3.4 கோடி பேர் அதிகம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சூதாடியவனுக்கு போனஸ். சூதாட்டம் நடந்ததே தெரியாதவனுக்கு வேலை நிறுத்தம்.

■ அது அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு எப்படி வந்தது?

"அமெரிக்காவில் வீட்டுக்கடன் கட்டலைன்னா அம்பத்தூரில் லேத் ஏன் நிக்கணும்?" நியாயமான கேள்வி. வழி இதுதான்.

வெளிநாட்டுப் பணம் நம் சந்தையை விட்டு ஓடியது. இங்கே கடன் கொடுக்கிற நிதி நிறுவனங்களுக்குப் பணப்புழக்கம் காய்ந்தது. லாரி வாங்கறவங்க முழுப் பணம் கொடுத்து வாங்குவதில்லை, ஃபைனான்ஸில்தான் வாங்கறாங்க. ஃபைனான்ஸ் நின்றது, லாரி ஆர்டர் நின்றது. 2007-08-இல் நாட்டில் 4.9 லட்சம் வர்த்தக வாகனங்கள் விற்றன. 2008-09-இல் அது 3.84 லட்சம். அஞ்சில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது.

எண்ணூர் அசோக் லேலண்டில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்ற நிலை அந்த ஆண்டு கடைசியில் வந்தது. லாரி குறைந்தால் பிரேக், கிளட்ச், டைனமோ எல்லாம் குறையும். பாடி, அம்பத்தூரில் அதைச் செய்கிற பெரிய கம்பெனிகள் வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கை நிறுத்தும். அந்த ஜாப் ஒர்க்கை நம்பித்தான் எஸ்டேட்டின் தெருத்தெருவாக லேத், மில்லிங், கிரைண்டிங், பிளேட்டிங் பட்டறைகள். ஆறு பேர், பத்து பேர், பதினைந்து பேர் வேலை செய்கிற இடங்கள்.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் முதுகெலும்பே இந்தச் சின்னப் பட்டறைகள்தான். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. கரண்ட் இருக்கும்போது ஆர்டர் இல்லை, ஆர்டர் இருக்கும்போது கரண்ட் இல்லை.

இதுதான் வழி. நியூயார்க்கில் கிளம்பிய நெருக்கடி எண்ணூர் வழியாக, பாடி வழியாக பட்டரவாக்கத்துக்கு வந்து சேர மூணு மாசம்கூட ஆகலை.

■ யார் முதலில்?

இப்போ அந்த ரயில் பெட்டிக்குத் திரும்புவோம். 2008 டிசம்பரில் அந்த நாலு பேருக்கும் என்ன நடந்திருக்கும்? ஒவ்வொருத்தராப் பார்ப்போம்.

1) கான்ட்ராக்ட் தொழிலாளி

முதலில் போனது இவர்தான். நோட்டீஸ் இல்லை, நஷ்டஈடு இல்லை. கான்ட்ராக்டர் போன் பண்ணி "நாளைக்கு வர வேணாம், சொல்லி அனுப்பறேன்" என்பார். சொல்லி அனுப்ப மாட்டார்.

இது நாம் கற்பனையில் சொல்றது இல்லை. மத்திய அரசின் தொழிலாளர் பணியகமே 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆய்வு நடத்தியது. பாதிக்கப்பட்ட துறைகளில் வேலையில் இருந்தவர்கள் 1 கோடியே 62 லட்சத்திலிருந்து 1 கோடியே 57 லட்சமாகக் குறைந்தார்கள். மூணே மாசத்தில் 5 லட்சம் வேலை. அதில் ஆட்டோமொபைல் துறையில் உடல் உழைப்பு செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளர் வேலை 12.45 சதவீதம் வீழ்ந்தது. எட்டு பேர் நின்ற இடத்தில் ஒருத்தரைக் காணோம்.

கவனியுங்க: அந்த ஆய்வு 10 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஆறு பேர் வேலை செய்த நம்ம லேத் பட்டறை அந்தக் கணக்கிலேயே இல்லை! வேலை போனதும் தெரியாது, வேலை இருந்ததும் தெரியாது.

அந்த ஆண்டு நாட்டின் வளர்ச்சி 6.7 சதவீதம் என்று அப்போது அறிவித்தார்கள். "இந்தியா தப்பித்துவிட்டது" என்று தலையங்கம் எழுதினார்கள். யார் தப்பித்தது? கான்ட்ராக்டர் போனுக்காகக் காத்திருந்தவரா?

2) தையல் மெஷின் அக்கா

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் துணி வாங்குவதைக் குறைத்தார்கள். எக்ஸ்போர்ட் ஆர்டர் சுருங்கியது. இங்கே ஓவர்டைம் போனது, அப்புறம் வேலை நாள் போனது, அப்புறம் வேலை போனது.

பெண் தொழிலாளிக்கு இரட்டை அடி விழும். கம்பெனியில் "புருஷன் சம்பாதிக்கிறார்ல, உனக்கென்ன" என்று முதலில் நிறுத்துவது இவரை. அதே சமயம் புருஷனுக்கு எஸ்டேட்டில் வேலை போனால், வீட்டை ஓட்ட நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவதும் இவர்தான். ஃபேக்டரியில் வேலை போனது, உழைப்பு போகவில்லை. பிஎஃப், இஎஸ்ஐ இல்லாத, யாரும் எண்ணிப் பார்க்காத உழைப்பாக மாறியது, அவ்வளவுதான்.

3) லேப்டாப் பையன்

"ஐடி வேலைன்னா சேஃப்" என்று சொன்ன காலம் அது. 2008-இல் கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு ஜாயினிங் தேதி தள்ளித் தள்ளிப் போனது. கல்விக் கடன் வாங்கிப் படித்தவங்க. கையில் ஆஃபர், வாசலில் பேங்க்.

அந்தப் பிள்ளைக்குச் சங்கம் கிடையாது. "நாங்க எம்ப்ளாயீஸ், தொழிலாளிங்க இல்லை" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டிஸ்மிஸ் ஆகும்போதுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது.

4) கடல் தாண்டிப் போனவர்

இந்த ரயிலில் இல்லாத ஒருத்தரையும் சேர்த்துக்கணும். வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போன நம் வீட்டுப் பிள்ளை. 2009 நவம்பர் 25-ஆம் தேதி துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம் கேட்டது. கிரேன்கள் அதற்கு முன்பே நின்றிருந்தன. போகும்போது ஏஜென்ட்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் அப்படியே நிற்க, ஆள் மட்டும் ஊருக்குத் திரும்பினார்.

5) டேங்க் ஃபேக்டரி தொழிலாளி

இப்போ இதைக் கவனமாப் படிங்க. இந்தப் பதிவின் மையமே இதுதான்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில், குளோத்திங் ஃபேக்டரியில் வேலை செய்த பர்மனென்ட் தொழிலாளிக்கு அந்த டிசம்பரில் வேலை போகவில்லை. அது மட்டுமில்லை. 2008 ஆகஸ்ட் 14-இல் மத்திய அமைச்சரவை ஆறாவது ஊதியக் குழுவுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2006 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு அரியர்ஸ். அதில் 40 சதவீதம் அந்த நிதியாண்டிலும், மீதி 60 சதவீதம் அடுத்த நிதியாண்டிலும் கைக்கு வந்தது.

உலகமே செலவைச் சுருக்கிய நேரத்தில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வீடுகளுக்குள் அந்தப் பணம் வந்தது. மளிகைக் கடைக்குப் போனது. தையல் கடைக்குப் போனது. பாதியில் நின்ற மாடி வீட்டுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டது.

"கவர்ன்மென்ட் வேலைக்காரன் சொகுசா இருக்கான்" என்று பொறாமைப்பட வைப்பார்கள். வேண்டாம் தோழர்களே. இப்படிக் கேளுங்க: அந்த ஒருத்தருக்கு அப்படி என்ன கிடைத்திருந்தது? வேலைப் பாதுகாப்பு. சங்கம். சட்டத்தின் காவல். அவ்வளவுதான். அவர் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்கிறவரைப் போலவே இரும்பை வெட்டுகிறவர், வெல்டிங் அடிக்கிறவர்தான்.

ஆக, நெருக்கடி வந்தால் யார் முதலில் தெருவுக்குப் போவது என்பதை எந்தச் சந்தையும் முடிவு செய்யவில்லை. சட்டம் முடிவு செய்தது. அந்தச் சட்டத்தை எழுதுகிற அரசியல் முடிவு செய்தது.

■ பணம் இருந்தது. யாருக்கு?

"அரசிடம் அன்னிக்கு காசு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

2008 டிசம்பர் 7-ஆம் தேதி மத்திய அரசு முதல் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. கலால் வரியில் ஒரேயடியாக 4 சதவீதப் புள்ளி குறைப்பு. ஜனவரியில் இரண்டாவது திட்டம். பிப்ரவரியில் மூன்றாவது. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஆறே மாசத்தில் 9 சதவீதத்திலிருந்து 4.75 சதவீதத்துக்கு இறக்கியது.

இதில் எதுவும் தப்பு என்று நாம் சொல்லவில்லை. தொழில் நிற்கக் கூடாது. ஆனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்களா? "வரிச் சலுகை வாங்குகிற கம்பெனி ஆள் குறைக்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதினார்களா? இல்லை. சலுகை முதலாளியின் கணக்குக்குப் போனது, கான்ட்ராக்ட் தொழிலாளி ஊருக்குப் போனார்.

அவருக்கு என்ன இருந்தது? கிராமத்தில் நூறு நாள் வேலை. அந்தத் திட்டம் 2008 ஏப்ரல் 1 முதல்தான் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்திருந்தது. இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த காலத்தில், விடாமல் வலியுறுத்திக் கொண்டுவந்த சட்டம். வேலை போய் கிராமத்துக்குத் திரும்பியவருக்கு ஒரு கை மண்வெட்டியாவது கிடைத்தது. பட்டாபிராமில் இருந்தவருக்கு? நகரத்துக்கு அந்தச் சட்டமே கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வேலையிழந்த இஎஸ்ஐ உறுப்பினருக்குப் படி கொடுக்க 2005-இல் ஒரு திட்டம் வந்திருந்தது. ஆனா அன்றைய விதிப்படி ஐந்து வருஷம் சந்தா கட்டியிருக்கணும். வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டர், ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் ஒரு புது நம்பர் என்று ஓடுகிறவர் அந்த ஐந்து வருஷத்தை எங்கே போய்க் காட்டுவார்?

■ பட்டறை முதலாளி நம் எதிரியா?

இந்தக் கேள்வியை நம்ம பக்கத்திலேயே சிலர் கேட்கறாங்க. தெளிவாச் சொல்றோம். நாலு லேத் போட்டு, தானும் எண்ணெய்க் கையோடு நின்று வேலை செய்யும் பட்டறைக்காரர் நெருக்கடியை உண்டாக்கியவர் இல்லை. அவரும் பாதிக்கப்பட்டவர்.

2006-ஆம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டம் என்ன சொல்கிறது? பொருள் வாங்கிய பெரிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும். நடக்குதா? எஸ்டேட்டில் போய்க் கேளுங்க. பெரிய கம்பெனி தன் நெருக்கடியைச் சின்னப் பட்டறையின் தலையில் கட்டுகிறது. பட்டறைக்காரர் அதை ஹெல்பரின் தலையில் கட்டுகிறார். ஹெல்பர் அதை யார் தலையில் கட்டுவார்? வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

மேலிருந்து கீழே தள்ளுகிற இந்தப் பழக்கத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம். கீழே நிற்கிற இருவரையும் மோத விட்டு மேலே இருப்பவர் வேடிக்கை பார்க்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

■ "அது பழைய கதைதானே?"

இல்லை. 2008-க்குப் பிறகு நம்மைக் காப்பாற்றிய சுவரை ஒவ்வொரு செங்கல்லாக எடுக்கிறார்கள். வரிசையாச் சொல்றோம், எண்ணிக்கோங்க.

முதல் செங்கல்: 2021 அக்டோபர் 1. நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நடத்திய வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். நம்ம டேங்க் ஃபேக்டரி இப்போது ஒரு நிறுவனத்தின் கீழே. குளோத்திங் ஃபேக்டரி இன்னொரு நிறுவனத்தின் கீழே. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கங்கள் அறிவித்ததும், வேலைநிறுத்தத்தையே தடை செய்ய அவசரச் சட்டம் கொண்டுவந்தது பாஜக அரசு. தொழிலாளர்களை "அயல்பணி" என்று கணக்குக் காட்டி, முதலில் இரண்டு ஆண்டு என்றார்கள், பிறகு நீட்டித்து நீட்டித்து ஓட்டினார்கள். 2008-இல் ஆவடி கடைத்தெருவைத் தாங்கிய வேலை அது. அதற்கே இன்று நாளைய உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது செங்கல்: பென்ஷன். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களின் ஓய்வூதியம் சந்தையோடு கட்டப்பட்டது. 2015 முதல் பிஎஃப் பணத்தில் ஒரு பகுதியும் பங்குச் சந்தைக்குப் போகிறது. அடுத்த லேமன் பிரதர்ஸ் விழும்போது, நம் வேலைக்கு மட்டும் அடி விழாது. நம் கிழவயசுக் கஞ்சிக்கும் விழும்.

மூன்றாவது, பெரிய செங்கல்: நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக அறிவித்துவிட்டார்கள். முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையில் லே-ஆஃப் கொடுக்க, ஆள் குறைக்க, ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போ அந்த எண் 300. எஸ்டேட்டில் 300 பேர் வேலை செய்யும் கம்பெனிகள் எத்தனை? விரல் விட்டு எண்ணுங்க. கான்ட்ராக்ட் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 பேருக்கு மேல். இப்போ 50.

"குறித்த கால வேலைக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி கொடுக்கிறோமே" என்று பாஜக நண்பர்கள் கமென்ட்டில் வருவாங்க. வரட்டும். ஒரு வருஷத்துக் கிராஜுவிட்டி என்பது பதினைந்து நாள் சம்பளம். அதைக் கொடுத்துவிட்டு எதை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? காலம் முடிந்து வெளியே அனுப்பினால் அது "ஆள் குறைப்பு" கணக்கிலேயே வராது. அடுத்த நெருக்கடியில் 5 லட்சம் பேர் வேலை இழந்தாலும் "யாரையும் நீக்கவில்லை, காலம் முடிந்தது" என்று எழுதிவிடலாம். 2008-இல் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு நடந்ததை இனி எல்லாருக்கும் சட்டப்படி நடத்த வழி செய்திருக்கிறார்கள்.

"வேலை போனவருக்கு மறுதிறன் நிதி இருக்கு" என்பார்கள். அதுவும் பதினைந்து நாள் கூலிதான். 2008-இல் லேத் நின்றது பதினைந்து நாளா?

■ பட்டாபிராமில் 21 மாடி

2024 நவம்பர் 22-இல் நம் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தார்கள். 21 மாடி. 5.57 லட்சம் சதுர அடி. 330 கோடி ரூபாய். மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் ஓஎம்ஆருக்கு மூணு மணி நேரம் அலையாமல் வீட்டுப் பக்கத்திலேயே வேலைக்குப் போகலாம் என்றால், அதை வரவேற்கிறோம். மனசார வரவேற்கிறோம்.

ஆனா இப்படிப்பட்ட எந்தக் கட்டடத்தின் வாசலிலும் நின்று பாருங்கள். சாஃப்ட்வேர் இன்ஜினியர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன், தரை துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா. மூணு பேர் கழுத்திலும் அட்டை தொங்கும். அதில் மூணு வெவ்வேறு கம்பெனி. கட்டடம் ஒன்று, லிஃப்ட் ஒன்று, பாதுகாப்பு மட்டும் மூணு விதம்.

இன்ஜினியருக்கும் இது உறுதி இல்லை. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய ஐடி கம்பெனியான டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்ததை மறந்துவிட்டீர்களா? அடுத்த மாசமே, ஆகஸ்ட் 27-இல், டிரம்ப் இந்தியப் பொருள்கள் மேல் 50 சதவீத வரி போட்டார். திருப்பூர் திணறியது. அந்த வரி ஏறும், இறங்கும், பேச்சுவார்த்தை நடக்கும். ஆனா வாஷிங்டனில் ஒருத்தர் போடும் கையெழுத்து இங்கே ஒரு தையல் மெஷினை நிறுத்த முடியும் என்பது 2008-லும் உண்மை, இன்றும் உண்மை.

அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் யார் முதலில் இறக்கிவிடப்படுவார் என்று மட்டும் இன்றைக்கே சொல்லலாம். அந்த வரிசையை மாற்றுவதுதான் நம் வேலை.

■ நாம் கேட்பது என்ன?

வெறும் புலம்பல் இல்லை. கோரிக்கை இருக்கு.

✊ தமிழ்நாட்டில் 1981-லேயே ஒரு சட்டம் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கணும். புதுச் சட்டம் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்தை அமல்படுத்து. 480 வருவதற்குள் பிரேக் கொடுத்து வேறு பெயரில் எடுக்கும் மோசடியை மாநில அரசு தடுக்கணும்.

✊ நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு திரும்பப் பெறணும். மாநில அரசு அதற்குத் துணை போகும் விதிகளை வகுக்கக் கூடாது.

✊ நகரத்துக்கும் வேலை உறுதிச் சட்டம் வேண்டும். ஆவடி மாநகராட்சியில் தூர்வார ஏரி இல்லையா, போட வேண்டிய மழைநீர் வடிகால் இல்லையா?

✊ வேலையிழப்புப் படி, கான்ட்ராக்டர் மாறினாலும் தொடரும் இஎஸ்ஐ கணக்கின் மேல், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கிடைக்கணும்.

✊ நெருக்கடிக் காலத்தில் எந்த நிறுவனத்துக்கு வரிச் சலுகை கொடுத்தாலும், ஆள் குறைப்பு இல்லை என்ற நிபந்தனையோடு கொடு. சிறு பட்டறைகளுக்கு 45 நாளில் பணம் வருவதை உறுதி செய்.

✊ ஆவடி படைத்துறைத் தொழிற்சாலைகளைத் தனியாருக்குத் தள்ளாதே. காலி இடங்களை நிரந்தர வேலையாக நிரப்பு.

■ "கேட்டா நடக்குமா?"

நடந்திருக்கு. 2023 ஏப்ரல் 21-இல் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணி என்று பார்க்காமல் இடதுசாரிகள் எதிர்த்தார்கள், வெளிநடப்பு செய்தார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாக் கொடியும் ஒன்றாக நின்றன. பத்தே நாள். மே தினத்தன்று அந்த மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

ஏன் நடந்தது? பர்மனென்ட், கான்ட்ராக்ட், தையல், ஐடி என்று தனித்தனி வரிசையில் நிற்காமல் ஒரே வரிசையில் நின்றதால் நடந்தது. 2008-இல் நம்மிடம் இல்லாமல் போனது அதுதான். கான்ட்ராக்ட் தொழிலாளி வெளியே போனபோது பர்மனென்ட் தொழிலாளி "நமக்கில்லை" என்று இருந்த இடங்கள் உண்டு. நம் சங்கங்களும் அன்று கான்ட்ராக்ட் தொழிலாளியை உறுப்பினராகச் சேர்க்கத் தாமதித்தன. இதை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறோம். திருத்திக்கொள்ளவும் தொடங்கியிருக்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாளைக்கு காலை அதே ரயிலில் ஏறும்போது, பக்கத்தில் நிற்கிறவரின் கழுத்து அட்டையைப் பாருங்கள். கான்ட்ராக்டர் பெயர் இருந்தால், "அண்ணே, எத்தனை நாள் ஆச்சு உள்ளே? வருகைக் கணக்கு எழுதி வைக்கறீங்களா? சம்பள ஸ்லிப் வாங்கறீங்களா?" என்று கேளுங்கள். 480 நாளை நிரூபிக்க அந்தச் சீட்டுதான் ஆயுதம். இஎஸ்ஐ நம்பர் பழசே தொடருதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் நம் பகுதிக் குழு அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள். கட்சிக்காரரா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

2008-இல் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? அப்பாவுக்கு வேலை போனதா, அக்காவுக்கு ஜாயினிங் தேதி தள்ளிப் போனதா? கமென்ட்டில் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். அரசாங்கக் கணக்கில் வராத நம் கணக்கை நாமே எழுதுவோம்.

படித்ததோடு நிறுத்தாமல் உங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்கள்.

அடுத்த நெருக்கடியில் யாரும் முதலில் இறக்கிவிடப்படக் கூடாது!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!

#480நாள்_நிரந்தரம்
#சட்டத்தொகுப்பை_திரும்பப்பெறு
#நகரத்துக்கும்_வேலைஉறுதி
#பட்டாபிராம் #ஆவடி #அம்பத்தூர்